பழைய பூங்காவுக்குள் இன்னும் எத்தனை கூரை?

கச்சேரியடி எழுதியது:

யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவுக்குள் உள்ளக விளையாட்டரங்கு கட்டுவது என்ற பேச்சு எழுந்ததிலிருந்து ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. மரத்தில் கைவைக்க விடமாட்டோம் என்கிறது ஒரு பக்கம். எதைச் செய்தாலும் தடுக்கிற கூட்டம் இது என்கிறது மற்றப் பக்கம். இரண்டு பக்கத்திலும் சத்தம் போடுகிறவர்களில் பாதிப் பேர் அந்த மரங்களுக்குக் கீழே போய்க் குந்தி வருடக்கணக்காகியிருக்கும் என்பது என் ஐயம்.

நான் கேட்பது அந்த ஒரு அரங்கைப் பற்றி மட்டும் அல்ல. சுண்டுக்குளிப் பக்கம் போகும்போது வளவைச் சற்று நின்று பாருங்கள். ஆளுநர் செயலகம் உள்ளே இருக்கிறது. கூடைப்பந்துத் திடல் இருக்கிறது. சிறுவர் விளையாட ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நியாயமும் சரிதான். பூங்காவுக்காக வாதாட மட்டும் அந்த மேசைகளில் யாரும் இருக்கவில்லை. மரம் நிற்கிற இடம் என்றால் ஒன்றும் இல்லாத இடம் என்றே நமது அலுவலகங்களுக்குப் படுகிறது. வரைபடத்தில் கட்டடம் இல்லாத துண்டைக் கண்டதும் பென்சில் தானாக அங்கே போகிறது.

என் நிலைப்பாட்டை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இனிமேல் அந்த வளவுக்குள் கூரை போட்ட எதுவும் வேண்டாம். நல்ல காரியமானாலும் வேண்டாம். மறுப்பவர்கள் வாருங்கள், பேசுவோம்.

வலைக்கு மேலே எழுதியது:

வந்துவிட்டேன். மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கரப்பந்து பழக்குகிறவன் நான். உங்கள் "நல்ல காரியமானாலும் வேண்டாம்" என்ற வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் திடலில் தண்ணீர் நிற்கும். மழை விட்டாலும் சேறு காயாது. தை பிறந்து திடல் காய்ந்து வரும்போது போட்டிகள் தொடங்கிவிடும். கொழும்பிலும் கண்டியிலும் பிள்ளைகள் கூரையின் கீழ் பயிற்சி எடுத்துவிட்டு வந்து நிற்பார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டு விறாந்தையில் பந்தைச் சுவரில் அடித்துப் பழகிவிட்டுப் போய் நிற்பார்கள். தோற்றுத் திரும்பிய பிறகு "திறமை இருக்கிறது, வசதி இல்லை" என்று பத்திரிகை எழுதும். வசதி வரப்போகிறது என்றால் நீங்கள் மரத்தைக் கட்டிப்பிடிக்கிறீர்கள்.

துரையப்பா விளையாட்டரங்கு வெளித்திடல். பாடசாலை மைதானங்கள் பாடசாலைக்காரருக்கு. நகரத்தின் நடுவில், பஸ்ஸில் வந்து இறங்கிப் பெண்பிள்ளைகள் பயமில்லாமல் நடந்து போகக்கூடிய இடத்தில், ஒரு அரங்கு வேண்டும். பூங்காவைவிட்டால் எங்கே? ஊருக்கு வெளியே என்று சொல்லாதீர்கள். ஊருக்கு வெளியே கட்டினால் கார் வைத்திருப்பவன் பிள்ளை விளையாடும்.

ஓய்ந்த லிகிதர் எழுதியது:

தம்பிமார் இருவருக்கும் வணக்கம். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், லிகிதராக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்றவன். அந்த மரங்களின் கீழ் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தவன் என்பதால் எனக்கும் ஒரு வாய் உண்டு.

பூங்காவின் கதையைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். வெறும் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. இன்றைய வாதத்துக்கு அது வேண்டியிருக்கிறது.

பேர்சிவல் அக்லண்ட் டைக் என்ற ஆங்கிலேயர் 1829 இல் யாழ்ப்பாணத்துக்கு அரச அதிபராக, அதாவது பிரித்தானிய ஆட்சியின் நிர்வாகத் தலைவராக, வந்தார். இடையில் கொஞ்சக் காலம் தவிர 1867 இல் சாகும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தார். ஏறக்குறைய நாற்பது வருடம்! இன்றைக்கு ஒரு செயலாளர் நாலு வருடம் ஓரிடத்தில் இருந்தால் அதிசயம். வடக்கின் ராசா என்றே அவரைச் சொன்னார்கள். மணியகாரர், உடையார், விதானையார் எல்லாரும் அவருக்குக் கீழே. இன்றைய போதனா வைத்தியசாலையின் மூலமான மருத்துவமனை 1850 இல் அவருடைய முயற்சியில் தொடங்கியது. பூங்காவும் அவர் உண்டாக்கியதுதான். தன் வசிப்பிடத்தைச் சுற்றி மரங்களை நட்டு வளர்த்து, தனக்குப் பின் வரும் அதிபர்களுக்கு விட்டுச் சென்றார் என்று கச்சேரியில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கவனியுங்கள். நாற்பது வருடம் ஓரிடத்தில் இருக்கிறவன்தான் மரம் நடுவான். அவனுக்குத்தான் அந்த நிழலில் தானே இருப்போம் என்ற நம்பிக்கை இருக்கும். அவருக்குப் பிறகு பெயர் சொல்ல வந்தவர் ருவைனம். 1869 இலிருந்து 1896 வரை அதிபராக இருந்தார், ஓய்வுபெற்ற பிறகும் யாழ்ப்பாணத்தைவிட்டுப் போகவில்லை. இந்த இருவரின் காலத்தைக் கூட்டிப் பார்த்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி. அந்த நீளத்துக்குத்தான் மரங்கள் வளர்ந்தன.

1905 ஜனவரியில் ஒரு இளைஞர் இதே கச்சேரிக்குப் பயிற்சி உத்தியோகத்தராக வந்து சேர்ந்தார். லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃபின் கணவர். கோட்டை மதிலின்மேல் இருந்த பங்களாவில் தங்கிக்கொண்டு கச்சேரிக்கு வந்து போனார். அவரும் அந்த மரங்களின் கீழ் வியர்வை துடைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அது என் கற்பனை, சரித்திரத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

என் காலத்தில் பூங்காவுக்கு வேறொரு வேலை இருந்தது. ஊர்காவற்றுறையிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் காணி அலுவலாகவும் ஓய்வூதிய அலுவலாகவும் வருகிற சனம், "நாளை வா" என்று சொல்லும்வரை அந்த நிழலில்தான் இருந்தது. பெட்டிசம் எழுதிக்கொடுக்கிறவர் ஒரு பலகையை மடியில் வைத்து எழுதுவார். எழுதப் படிக்கத் தெரியாத மனிசி ஒருத்தி, தன் கணவன் பெயரில் "ன்" சரியாக இருக்கிறதா என்று தாளைத் தன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். வாசிக்கத் தெரியாது, ஆனாலும் பார்ப்பாள். அந்தச் சனத்துக்கு அலுவலகம் ஒரு கதிரை போடவில்லை. பூங்காதான் போட்டது.

நாவாந்துறையான் எழுதியது:

லிகிதர் ஐயா, எழுத்து இனிமை. ஆனால் ஒன்று கேட்கிறேன். துரை தன் வீட்டுக்கு நட்ட மரம் எப்படி எங்கள் பூங்கா ஆகும்? டைக் காலத்தில் என் பாட்டனாரின் பாட்டனார் வலையோடு அந்தப் படலைக்குள் நுழைந்திருந்தால் காவற்காரன் விட்டிருப்பானா? வரலாற்றுப் பூங்கா, பொதுப் பூங்கா என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறோம். வரலாற்றின் பெரும்பகுதியில் அது பொதுவாகவே இருக்கவில்லை. அதிகாரத்தின் வளவாக இருந்தது. இன்றும் ஆளுநர் செயலகம் உள்ளே இருக்கிறது என்றால் அது பழைய வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

கடற்கரைச் சனத்துக்குப் பூங்கா என்றால் சுப்பிரமணியம் பூங்காதான். நூலகம், முனியப்பர் கோவில், முற்றவெளி எல்லாம் கூப்பிடு தூரம். பிள்ளையை ஊஞ்சலில் வைத்துவிட்டுக் கச்சான் கொறிக்கலாம். யாரும் நீ யார் என்று கேட்கமாட்டார்கள்.

ஓய்ந்த லிகிதர் எழுதியது:

நாவாந்துறையான், நீங்கள் சொன்னது நியாயம். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், நீங்கள் முந்திவிட்டீர்கள். துரையின் வளவு சனத்தின் வளவானது யாரும் விழா எடுத்துத் திறந்துவைத்ததால் அல்ல. சனம் மெல்ல மெல்ல உள்ளே வந்து குந்தியதால். அப்படி வந்த உரிமைக்குப் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாத உரிமையைத்தான் லேசாகப் பறிக்கலாம்.

உவர்க்கிணறு எழுதியது:

பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். மரம், மனம், மரபு என்று எல்லாரும் பேசுகிறீர்கள். தரைக்குக் கீழே இருப்பதைப் பற்றியும் யாராவது பேச வேண்டும்.

குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். நாம் குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர். அந்த நன்னீர் கீழே இருக்கும் உவர்நீருக்கு மேல் மிதக்கிறது; நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால் மிதக்கிறது. கோட்பாட்டின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்தால் கீழே சுமார் 40 மீற்றர் ஆழத்துக்கு உவர்நீரைத் தள்ளிவைக்கும். திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு சாண் குறைந்தாலும் கீழிருந்து உவர் பல மடங்கு எழும்பி வரும். குருநகர், நாவாந்துறைப் பக்கத்துக் கிணறுகளைக் கேட்டால் அவை சொல்லும்.

ஆகவே நகரத்துக்குள் மழை இறங்கக்கூடிய ஒவ்வொரு துண்டு மண்ணும் கணக்கு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 2,000 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு இலட்சம் லீற்றர். கார்த்திகையில் அது ஒரு நல்ல மழைநாள், அவ்வளவுதான். அந்த ஒரு இலட்சமும் வாய்க்காலுக்குப் போய், வாய்க்கால் பிளாஸ்டிக் போத்தலால் அடைபட்டு, வீதிக்கு வந்து, கடைசியில் பரவைக்கடலில் சேரும். மரத்தடி மண்ணில் விழுந்தால் அது கீழே போகும். வேர் போன வழியால் மண் நெகிழ்ந்திருக்கும், சருகு ஓட்டத்தை மறிக்கும். 2008 இல் நிஷா புயல் வந்தபோது நான் சின்னப் பிள்ளை. அந்த வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கையில் கதிரை மிதந்ததை வீட்டில் இன்னும் சொல்வார்கள்.

இன்னொன்று. ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே சூரியன் வரும், ஓகஸ்ட் கடைசியிலும் இன்னொரு தரம் வரும். அந்த நாட்களில் நண்பகலில் மதிலின் நிழல் மதிலடியிலேயே கிடக்கும். கட்டடம் எவ்வளவு உயரமானாலும் வெளியே நிழல் தராது. கிளை விரித்த மரம் மட்டும்தான் தரும்.

வலைக்கு மேலே எழுதியது:

தங்கச்சி, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு இலட்சம் லீற்றரையும் கூரையிலிருந்து குழாய் வழியாக இறக்கி, வடிகட்டி, மீள்நிரப்புக் கிணற்றில் விட்டால்? கூரைத் தண்ணீர் வீதித் தண்ணீரைவிடச் சுத்தம். அரங்கு கட்டும்போதே அதைக் கட்டாயமாக்கலாமே. தண்ணீருக்காகப் பூங்கா என்றால் தண்ணீருக்கு வேறு வழி உண்டு. பிள்ளைகளுக்கு வேறு வழி என்ன?

உவர்க்கிணறு எழுதியது:

அண்ணை, சரியான யோசனை. அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஒரு சிறு கேள்வி மட்டும்: நகரத்தில் ஏற்கெனவே நிற்கிற பெரிய கட்டடங்களில் எத்தனையில் அப்படிச் செய்து, வருடா வருடம் வடிகட்டியைத் துப்புரவாக்குகிறார்கள்? மரத்தின் வேரை யாரும் துப்புரவாக்கத் தேவையில்லை.

வடதுருவம் எழுதியது:

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறேன். வேம்படியில் படித்த என் மனைவியும் நானும் இந்த இழையைச் சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறோம். இங்கே ஒவ்வொரு பூங்காவுக்கும் நண்பர்கள் சங்கம் இருக்கிறது. ஊர்க்காரர் காசு சேர்த்து வாங்கில் போடுவார்கள், மரத்துக்குப் பெயர்ப்பலகை வைப்பார்கள். பழைய பூங்காவுக்கும் அப்படி ஒன்று தொடங்கினால் நாங்கள் காசு தரத் தயார். ஆரியகுளத்தை 2021 இல் கொடையாளர் உதவியோடு திருத்தினார்களே. இப்போது பின்னேரத்தில் சனம் அங்கே போகிறதாம். அதே மாதிரிச் செய்யலாம்.

பூவரசு எழுதியது:

அண்ணை, காசு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நடுக்கம் வருகிறது. கோபிக்க வேண்டாம். ஆரியகுளம் குப்பை மேடாகாமல் தப்பியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் குளத்தைச் சுற்றிக் கல் பதிப்பது வேறு, பூங்காவுக்குள் கல் பதிப்பது வேறு. நம் ஊரில் கொடை என்றால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால் தரையோடு, மின்விளக்கு, வளைவு, பளிங்குப் பெயர்ப்பலகை. நிழலுக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது என்பதால் நிழலுக்கு யாரும் காசு தருவதில்லை.

நகரத்தில் நிற்கிற மரங்களின் அடியைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? அடிமரத்தைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குச் சிமெந்துக் கட்டு. மரம் பருத்து அந்தக் கட்டை உள்ளிருந்து தள்ளுகிறது, கட்டு வெடித்திருக்கிறது, வெடிப்பை மறுபடி சிமெந்தால் பூசியிருக்கிறார்கள். அதற்கு மேல் வெள்ளையும் சிவப்பும் மாறி மாறிப் பூச்சு. கண் மட்டத்தில் ரியூசன் விளம்பரத் தகடு, நாலு மூலைக்கும் நாலு ஆணி. போன வருடத் தகட்டைக் கழற்றியவன் ஆணியைக் கழற்றவில்லை. பட்டை அந்த ஆணித் தலைகளை மெல்ல விழுங்கி, ஒவ்வொன்றைச் சுற்றியும் உதடு மாதிரி ஒரு விளிம்பு தள்ளியிருக்கிறது. விரலால் தடவினால் உள்ளே இரும்பு தட்டுப்படும். இதுதான் நாங்கள் மரம் வளர்க்கிற முறை.

நடுகையும் அப்படியே. ஜூன் 5 உலகச் சுற்றாடல் தினம் என்று கன்று நடுகிறோம். அது சோளகம் அடிக்கிற காலம். காற்று மண்ணை வறட்டி எடுக்கும். படம் எடுத்து முடிந்ததும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. ஆடியில் கன்று சுள்ளியாகிவிடும். ஐப்பசி மழை விழுந்தவுடன் நட்டால் மூன்று மாதம் வானம் பார்த்துக்கொள்ளும். தையில் வேர் பிடித்திருக்கும். தோட்டக்காரன் எவனைக் கேட்டாலும் சொல்வான். விழா எடுக்கிறவர்கள் தோட்டக்காரனைக் கேட்பதில்லை.

வடதுருவம் எழுதியது:

உங்கள் பதிலை வாசித்து மனைவி கைதட்டுகிறாள். சரி, பெயர்ப்பலகை வேண்டாம். ஆணி பிடுங்கக் காசு தரலாமா?

பூவரசு எழுதியது:

அதற்குக் காசு வேண்டாம். குறடு போதும். வருகிற விடுமுறைக்கு ஒன்று கொண்டு வாருங்கள்.

வேம்படிப் பழையவள் எழுதியது:

அக்காமார் யாரும் இதுவரை எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நிழல், நீர், டைக், ருவைனம் எல்லாம் இருக்கட்டும். ஒரு பெண் தனியாக ஒரு பூங்காவில் அரை மணித்தியாலம் இருக்க முடியுமா என்று யாராவது கேட்டீர்களா? கையில் பிள்ளை இருந்தால் சரி. பிள்ளை இல்லாமல் போனால் "யாருக்காகக் காத்திருக்கிறாய்" என்ற பார்வை. துணையோடு போனால் அதைவிட மோசம். நகரத்துப் பூங்கா ஒன்றில், நானும் எனக்கு நிச்சயிக்கப்பட்டவரும் வாங்கிலில் இருந்தபோது காவலாளி வந்து, "குடும்பங்கள் வருகிற இடம், எழும்புங்கள்" என்றார். நாங்கள் குடும்பமாகத்தான் ஆகப்போகிறோம் என்று என்னவர் சொன்னார். ஆகிவிட்டு வாருங்கள் என்றார் காவலாளி. இன்றைக்கு அதைச் சொல்லிச் சிரிக்கிறோம், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

கழிப்பறையைப் பற்றிப் பேசினால் இழை நாறிவிடும், விடுகிறேன். ஆனால் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைந்த பெண்கள் இதை வாசிப்பார்கள், அவர்களுக்குப் புரியும்.

பல்கலைக்கழக நகரம் என்று சொல்கிறோம். திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரி வளவில் 1974 இல் வளாகம் தொடங்கியதிலிருந்து எத்தனை தலைமுறை மாணவிகள் இந்த நகரத்துக்கு வந்து போயிருப்பார்கள்! பொது நூலகத்தில் காலையிலிருந்து குறிப்பெடுத்துவிட்டுப் பின்னேரம் வெளியே வருகிற பிள்ளைக்கு, காசு கொடுக்காமல் குந்துவதற்கு எங்கே இடம் இருக்கிறது? குளிரூட்டிய கடையில் ஒரு ஐஸ்கிறீம் வாங்கினால் குந்தலாம். ஐஸ்கிறீம் முடிந்தால் எழும்ப வேண்டும். விடுதிப் பிள்ளைகளின் கையில் மாதக் கடைசியில் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்தவள்தான்.

எனக்கு அரங்கு வேண்டாம் என்றும் இல்லை, வேண்டும் என்றும் இல்லை. இருக்கிற பூங்காவைப் பெண்கள் இருக்கக்கூடிய பூங்காவாக ஆக்கினால் அங்கே எப்போதும் ஆள் இருக்கும். ஆள் இருக்கிற இடத்தைப் பார்த்து வெற்றுக்காணி என்று எவனும் சொல்லமாட்டான்.

கச்சேரியடி எழுதியது:

அக்கா, உங்கள் கடைசி வரியை அச்சடித்து ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். ஆணி அடிக்காமல்.

நாவாந்துறையான் எழுதியது:

அரங்குக்கு இடம் முற்றவெளிதான் என்று ஒரு நண்பர் எனக்குத் தனியாக எழுதுகிறார். கோட்டைக்கு எதிரே அவ்வளவு வெளி சும்மா கிடக்கிறதாம். இங்கேயே பதில் சொல்கிறேன். முற்றவெளி சும்மா கிடக்கவில்லை. கோட்டைப் பீரங்கிக்கு மறைப்பு இருக்கக்கூடாது என்று வெட்டவெளியாக விடப்பட்ட நிலம் அது; அந்த வெளிதான் இன்று சனம் கூடுகிற ஒரே இடம். கூட்டம், கண்காட்சி, பட்டம், பந்து எல்லாம் அங்கே. 1974 ஜனவரி 10 இல் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி இரவில் உயிரிழந்தவர்களின் நினைவிடமும், தந்தை செல்வாவின் நினைவுத்தூணும் அந்தச் சுற்றாடலில்தான் நிற்கின்றன. ஏற்கெனவே நூலகத்துக்குப் பக்கத்தில் கலாசார நிலையம் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. உள்ளே கச்சேரி கேட்க நன்றாக இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் புல்லுக்குளத்துப் பக்கமிருந்து பார்த்தால் நூலகத்தின் வெள்ளைக் குவிமாடம் இப்போது சின்னதாகிப்போனது.

வலைக்கு மேலே எழுதியது:

அது வேண்டாம், இது வேண்டாம். பூங்காவில் வேண்டாம், முற்றவெளியில் வேண்டாம், ஊருக்கு வெளியே வேண்டாம் என்றது நான். அப்படியானால் இடத்தை நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் என் பிள்ளைகளிடம் "மரங்கள் விளையாடட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்" என்று சொல்லிவிடுகிறேன்.

ஓய்ந்த லிகிதர் எழுதியது:

தம்பி, உங்கள் கோபத்தின் வேர் காணியில் இருக்கிறது. கச்சேரிக் கோப்புகளோடு கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வன்னியில் அரச காணி பரந்து கிடக்கும். குடாநாட்டில் அப்படியில்லை. இங்கே ஒவ்வொரு பரப்பும் உறுதி எழுதின தனியார் காணி. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரிந்து பிரிந்து ஒரு காணிக்குப் பத்துப் பங்காளிகள். அதில் நாலு பேர் கனடாவில், இரண்டு பேர் எங்கே என்றே தெரியாது. அரசுக்கு ஒரு கட்டடம் வேண்டுமென்றால் அந்தப் பத்துப் பேரையும் தேடிப் பிடித்து, விலை பேசி, சுவீகரித்து, வழக்குப் பேசி முடிக்க ஒரு அதிபரின் காலம் போதாது. ஆகவே கையோடு இருக்கிற அரச வளவில் கண் விழுகிறது. நகர நடுவில் அரசின் கையில் பெரிதாக இருப்பது எது? கச்சேரியும் அதன் பூங்காவும். பூங்காவின்மேல் யாருக்கும் வெறுப்பு இல்லை. காணி எடுக்கிற சோம்பல்தான் மரத்தை வெட்டுகிறது.

1707 இல் ஒல்லாந்தர் தொகுத்துச் சட்டமாக்கிய, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கூட்டுக் காணியில் தன் பங்கை விற்கிறவன் முதலில் மற்றப் பங்காளிகளுக்குச் சொல்ல வேண்டும். வாங்க அவர்களுக்கு முன்னுரிமை. அயலவனுக்கும் ஒருகாலத்தில் அந்த உரிமை இருந்தது. தன் ஒற்றைப் பனைக்கு அந்த உரிமையை விட்டுக்கொடுக்காத சனம், பூங்காவில் ஒரு துண்டு போகிறபோது "எங்களுக்கு யார் சொன்னது" என்று கேட்காமல் இருக்கிறது. அதுதான் எனக்கு விளங்காத இடம்.

இடம் கேட்டீர்கள். போரில் உடைந்து திருத்தப்படாமல் கிடக்கிற அரச கட்டடங்கள் நகரத்துக்குள்ளும் ஓரத்திலும் உண்டு. ஏற்கெனவே சிமெந்துத் தரை போட்ட இடங்கள் அவை. அங்கே கட்டினால் ஒரு மரமும் சாகாது, ஒரு கிணறும் உவராகாது. ஆனால் அந்த வளவுகள் வெவ்வேறு திணைக்களங்களின் பெயரில் இருக்கும். ஒரு திணைக்களம் இன்னொன்றுக்குக் காணி விடுவதைவிடப் பங்காளிகள் பத்துப் பேரும் சம்மதிப்பது சுலபம்.

பூவரசு எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கூரை இழந்து நின்ற பழைய கச்சேரிச் சுவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டடம் போனது, மரங்கள் நின்றன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போருக்கு அஞ்சிச் சாமான் சட்டியோடு கண்டி வீதியால் தென்மராட்சிக்கு நடந்ததும் அந்தச் சுண்டுக்குளி வழியேதான். திரும்பி வந்தபோது வீடு இல்லாதவர்கள்கூட அந்த வளவில் பச்சை தெரிகிறதா என்றுதான் முதலில் பார்த்தார்கள் என்று என் தாயார் சொல்வார். இதை வாதமாக எடுக்க வேண்டாம். சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

வலைக்கு மேலே எழுதியது:

லிகிதர் ஐயாவின் கதையை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்கள் என்னிடம் மரத்தின் பெருமை பேசினார்கள். நீங்கள் ஒருவர்தான் ஏன் எப்போதும் பூங்காவே அகப்படுகிறது என்று சொன்னீர்கள். உடைந்த அரச வளவு ஒன்றில், பஸ் போகிற வீதியில், அரங்கு கிடைத்தால் எனக்குப் போதும். ஆனால் "இங்கே வேண்டாம்" என்று கத்துகிற கூட்டம் "அங்கே வேண்டும்" என்று கத்த வருமா? வரமாட்டார்கள். மரம் தப்பியதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் மழையில் நிற்பார்கள்.

கச்சேரியடி எழுதியது:

வருவோம். வருவேன் என்று என் அளவில் எழுதித் தருகிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். பிரசை எவரும் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஊர்வலத்துக்கு முன்னால் இதைச் செய்வோம். நான் எழுதிவைத்திருக்கும் கேள்விகள்: பூங்கா வளவின் இன்றைய நில அளவைப் படம், எந்தெந்தத் துண்டு எந்த நிறுவனத்துக்கு எந்த வருடம் விடப்பட்டது, வளவில் நிற்கும் மரங்களின் பதிவு ஏதும் உண்டா.

உவர்க்கிணறு எழுதியது:

வடிகால் திட்டத்தையும் கேளுங்கள். கட்டப்போகிற எதற்கும் மழைநீர் எங்கே விடப்படும் என்று வரைந்திருக்க வேண்டும். மரங்களின் பதிவு இல்லை என்று பதில் வந்தால் நானும் என் வகுப்புப் பிள்ளைகளும் அளவு நாடாவோடு வருகிறோம். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எடுத்து, இனம் எழுதி, இலக்கம் போடலாம்.

பூவரசு எழுதியது:

இலக்கத்தை ஆணியால் அடிக்காதே பிள்ளை.

வேம்படிப் பழையவள் எழுதியது:

கழிப்பறைத் திறப்பு யாரிடம் என்பதையும் ஒரு கேள்வியாகப் போடுங்கள். சிரிக்க வேண்டாம், எழுத்தில் பதில் வரட்டும்.

வலைக்கு மேலே எழுதியது:

என் பங்குக்கு ஒரு கேள்வி. அரங்குக்காக மாநகர எல்லைக்குள் வேறு எந்தெந்த அரச காணிகள் பரிசீலிக்கப்பட்டன, ஒவ்வொன்றும் என்ன காரணத்துக்காக விடப்பட்டது? இதைச் சேர்த்தால் நானும் கையெழுத்து வைக்கிறேன்.

கச்சேரியடி எழுதியது:

சேர்த்துவிட்டேன். அதை முதலாவது கேள்வியாகப் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொடுக்கப் போகிறேன், நேரம் இருந்தால் நீங்களும் வாருங்கள். வரிசை நீண்டால் வெளியே மரத்தடியில் நிற்பேன்.